பிடி விட்டால் நிற்கும் வண்டி

அத்தியாயம் 7

“அந்த வண்டியில கை வெச்சே, உன்னையும் சேர்த்து ஆத்துல தள்ளிடுவேன்!”

கெஸ்ட்ரல் தீவில் எங்களுக்குக் கிடைத்த முதல் வரவேற்பு அது. படகுத்துறை நெடுக தள்ளுவண்டிகள் வரிசையாக நின்றன. ஆற்றின் நடுவே, கார் போகாத தீவு. சிட்னி பக்கமிருந்து படகில் வரும் பால், பியர், சிமெண்ட், மெத்தை எல்லாம் இந்த வண்டிகளில்தான் மேட்டுக்கு ஏற வேண்டும். நான் விவரம் தெரியாமல் ஒரு நீல வண்டியில் எங்கள் பையை வைத்துவிட்டேன்.

கத்தியவன் துறையோரக் காபிக் கடைக்காரன் பேஸில். ஈரத் துணியோடு வெளியே வந்தான்.

“கைப்பிடி எந்தப் பக்கம் பார்க்குதுன்னு பாருய்யா. மேட்டைப் பார்த்திருந்தா சொந்தக்காரன் அடுத்த படகுல வர்றான்னு அர்த்தம். தொடக் கூடாது. ஆத்தைப் பார்த்திருந்தா யார் வேணா எடுக்கலாம். திரும்ப இங்கேயே கொண்டுவந்து வெச்சிடணும். இதுகூடத் தெரியாம தீவுக்கு வந்துட்டீங்க.”

“கார் இல்லாத ஊர்லயும் பார்க்கிங் தகராறு இருக்கு, பாஸ்,” என்றேன்.

மார்னி டக்கட் சிரிக்கவில்லை. அவள் என் முதலாளி. காப்புரிமை அலுவலகத்தில் பதினோரு வருடம் பரிசோதகராக இருந்தவள். யாராவது ஒரு கண்டுபிடிப்புக்கு உரிமை கேட்டு வந்தால், அது புதிதா, ஏற்கனவே ஊர் அறிந்ததா என்று குடைவதுதான் அங்கே வேலை. சக்கரம் வைத்த எதுவும் அவள் மேசையைத் தாண்டித்தான் போகும். ஒருநாள் அலுத்துப்போய் வெளியே வந்தாள். இப்போது காப்புரிமை வக்கீல்களுக்காகத் துப்பறிகிறாள். நான் நிக்கோ. பை தூக்குவதும் வாயை மூடாமல் இருப்பதும் என் வேலை.

பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். மழை தூறியது. மேட்டுப் பாதை செங்குத்தாக நின்றது.

“இதுல பியர் பெட்டி ஏத்தறவன் எல்லாம் சொர்க்கத்துக்குத்தான் போவான்.”

“ஏத்தறது கஷ்டமில்ல. இறக்கறதுதான்,” என்றாள் மார்னி. “கை வழுக்கினா வண்டி, சரக்கு, ஆளு, மூணும் ஆத்துல. அதுக்குத்தான் நாம பார்க்க வந்த நெஸ்டா ஒரு வண்டி பண்ணியிருக்கா.”

*

நெஸ்டா கில்ராய் படகு எஞ்சின் பழுதுபார்ப்பவள். ஐம்பது தாண்டியவள். பட்டறைக் கதவைத் திறந்தவள் வணக்கம்கூடச் சொல்லாமல் வண்டியை வெளியே இழுத்தாள். அவள் இடது கையில் கட்டைவிரலும் சுட்டுவிரலும்தான் இருந்தன. பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். பார்த்தேன்.

“பிரேக் சோதிக்கும்போது போச்சு,” என்றாள். “கேட்டுடு தம்பி. எல்லாரும் கேட்பாங்க.”

“கேட்கல. எண்ணிட்டிருந்தேன்.”

அவள் முகத்தில் ஒரு நொடி சிரிப்பு வந்து போனது.

வண்டியில் சிமெண்ட் மூட்டைகளை அடுக்கினாள். பட்டறைக்கு வெளியே பாதையின் மோசமான சரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபோது சக்கரங்கள் சாதுவாக உருண்டன. பிறகு இரண்டு கையையும் விட்டாள். நான் என்னையறியாமல் ஒரு பக்கம் தாவினேன். வண்டி அசையவில்லை. சரிவில் வளர்ந்த மரம் போல நின்றது.

“ஏர்போர்ட் டிராலிலயும் இப்படித்தானே?” என்றேன், தாவியதை மறைக்க.

“அதுல ஸ்பிரிங். சமதரையில சரி. இதுல மேல இருக்கற சுமைதான் பிரேக்கை அழுத்துது. எவ்வளவு கனமோ அவ்வளவு பிடி.”

“யாரும் செஞ்சதில்ல,” என்றாள் மார்னி. அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது அபூர்வம். “நான் தேடிப் பார்த்துட்டேன்.”

வண்டியின் குறுக்கே சுமையைக் கட்ட ஒரு பழைய தோல் பெல்ட் ஓடியது. பித்தளைக் கொக்கியில் நங்கூரம் பொறித்திருந்தது.

“யாரோ வேட்டை நாய் துரத்தி பேண்ட் இல்லாம ஓடியிருக்கான் போல,” என்றேன்.

நெஸ்டா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூட்டைகளை இறக்க ஆரம்பித்தாள். என் நகைச்சுவைகள் பாதிக்கு மேல் இப்படித்தான் போகும் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மார்னி ஒரு குப்புறக் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து விஷயத்துக்கு வந்தாள். நெஸ்டா காப்புரிமைக்கு விண்ணப்பம் போட்டது 2023 நவம்பரில். பரிசோதனை நடந்துகொண்டிருக்கும்போது பெல்டிங்டன் என்ற டிராலி கம்பெனி காப்புரிமை அலுவலகத்துக்கு ஒரு புகைப்படம் அனுப்பியது. தீவின் ஈஸ்டர் வண்டிப் பந்தயம். படத்தின் நடுவே நெஸ்டாவின் வண்டி. எடுத்தது 2022 ஈஸ்டரில் என்று கம்பெனி சொல்கிறது.

“நான் வெளியில எடுத்தது இருபத்திமூணு ஈஸ்டர்லதான்,” என்றாள் நெஸ்டா. “வக்கீல்கிட்டயும் அதான் சொன்னேன்.”

“ஒரு வருஷம்தான் வித்தியாசம். அதனால என்ன?” என்று கேட்டேன். தெரிந்துதான் கேட்டேன், நெஸ்டா ஒரு தடவை தெளிவாகக் கேட்டுக்கொள்ளட்டும் என்று.

“அதுதான் எல்லாமே,” என்றாள் மார்னி. “விண்ணப்பத்துக்கு முந்தின ஒரு வருஷத்துக்குள்ள நீயே ஊருக்குக் காட்டியிருந்தா சட்டம் கண்ணை மூடிக்கும். இருபத்திமூணு ஈஸ்டர் அதுக்குள்ள வருது. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு நாள் நாலு பேர் பார்க்க ஓடியிருந்தாலும் வண்டி ஊர் சொத்து. பெல்டிங்டன் நாளைக்கே அச்சு எடுத்து விக்கும். உன் பேர்கூட அதுல இருக்காது.”

“ஆறு வருஷம். மூணு விரல்,” என்றாள் நெஸ்டா. அழுகிற ஆளாகத் தெரியவில்லை.

பரிசோதகருக்குப் பதில் தர இந்த வாரத்தோடு கெடு முடிகிறது. அதற்குள் படம் எப்போது எடுத்தது என்று கண்டுபிடிக்கத்தான் நெஸ்டாவின் வக்கீல் எங்களை அனுப்பியிருந்தார்.

*

காபிக் கடையில் பேஸில் புகைப்படத்தை மூக்கில் ஒட்டுகிற மாதிரி வைத்துப் பார்த்தான்.

“ஈஸ்டர்தான். எந்த ஈஸ்டர்னு கேட்டா… எல்லாம் ஒண்ணுதானே. அதே குடிகாரங்க, அதே கொடி.”

“கொடியில வருஷம் போட மாட்டீங்களா?”

“போட்டா அடுத்த வருஷம் புதுக் கொடி வாங்கணுமே.”

நான் படத்தைப் பிடுங்கிக்கொண்டேன். நிழலைப் பார்த்தேன், ஆற்று நீர்மட்டத்தைப் பார்த்தேன், ஓடுகிறவர்களின் செருப்பைப் பார்த்தேன். ஒருத்தன் தலையில் முயல் காது. எந்த வருடத்து முயல் காது என்று யார் சொல்ல முடியும்?

மார்னி பாதி தின்ற இறைச்சி பஃப்ஸைத் தட்டில் வைத்தாள். விரலில் ஒட்டியிருந்த சாஸைத் துடைத்துக்கொண்டு, ஓடுகிறவர்களை விட்டுவிட்டு, பின்னால் வரிசையின் கடைசியைத் தொட்டாள்.

“இது என்ன?”

“பூத்தொட்டி,” என்றேன். “அலங்காரம்.”

“சக்கரம் இருக்கு. கைப்பிடி இருக்கு. பாதியா அறுத்த எண்ணெய் டிரம்ல பண்ணின தள்ளுவண்டி அது. உள்ள மண்ணு, ஜெரேனியம் பூச்செடி. கொடிக்கே காசு செலவழிக்காத ஊர்ல எவன் நல்ல வண்டியை மண்ணால ரொப்புவான்?”

பேஸில் துணியைத் தோளிலிருந்து எடுத்தான். குரல் இறங்கிவிட்டது.

“அது டோபிங்கறவனோட வண்டி.”

“சொல்லு.”

“இங்க யாராவது செத்துட்டா அவங்க வண்டியை வரிசைக் கடைசியில நிறுத்தி மண்ணு போட்டுப் பூ வைப்போம். ஒரு வருஷம். அப்புறம் மண்ணைத் தட்டிட்டு வீட்டுக்குக் குடுத்துடுவோம். டோபி படகுல கயிறு போடற ஆளு. இந்தத் துறையில கால் வெச்ச எல்லாருக்கும் கை குடுத்தவன். டிரம்ல வண்டி வெச்சிருந்தது அவன் ஒருத்தன்தான்.”

“எப்போ போனார்?”

“ரெண்டாயிரத்து இருபத்திரண்டு, ஜூலை மாசம். நெஞ்சுவலி. அன்னிக்கு ஞாயித்துக்கிழமை, சந்தை. ஊரே இங்கதான் இருந்துச்சு.”

மார்னி என்னைப் பார்த்தாள். எனக்கே விளங்கிவிட்டது. ஜூலையில் செத்தவனின் வண்டியில் அதே வருடம் ஏப்ரலில் பூ பூத்திருக்க முடியாது. படம் எடுத்தது அடுத்த ஈஸ்டரில், 2023. நெஸ்டா சொன்ன ஈஸ்டர். பெல்டிங்டனின் குண்டு புஸ்வாணமாகிவிட்டது.

“முடிஞ்சுது!” நான் மேசையைத் தட்டினேன். “ஒரு ஜெரேனியம் ஒரு கம்பெனியையே கவுத்துடுச்சு. பேஸில், எனக்கு இன்னொரு பஃப்ஸ். பாஸ் கணக்குல.”

மார்னி சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. படத்தைச் சாய்த்து, மேட்டை ஒரு தடவை பார்த்தாள்.

“படம் மேலயிருந்து எடுத்திருக்கு. எல்லாத் தலையும் உச்சி தெரியுது. துறைக்கு மேல இருக்கற வராந்தா எது?”

“ஒண்ணே ஒண்ணுதான்,” என்றான் பேஸில். “ஐரிஸ் வீடு. டோபி பொண்டாட்டி.” கொஞ்சம் நின்று, “இந்த ஊர்ல யாரும் நெஸ்டாவுக்குக் குழி பறிக்க மாட்டாங்க. ஐரிஸ் நிச்சயமா மாட்டா,” என்றான்.

“எதுக்கு பாஸ் மேல போகணும்?” என்றேன் வெளியே வந்ததும். “வக்கீல் கேட்டது படம் எப்போ எடுத்ததுன்னு. சொல்லியாச்சு. நாலு மணிப் படகுல கிளம்பிடலாம்.”

“பெல்டிங்டன்காரன் முட்டாள் இல்ல. தப்பு வருஷத்தைச் சும்மா எழுத மாட்டான். அவனுக்கு யாரோ ஏதோ சொல்லியிருக்காங்க. அதை நான் கேட்கலன்னா அவன் வக்கீல் வந்து கேட்பான்.”

*

ஐரிஸுக்கு எழுபது வயதிருக்கும். வராந்தாவில் காலி கேஸ் சிலிண்டர் ஒன்று கிடந்தது. எங்களை உட்கார வைத்துவிட்டு, கேட்பதற்கு முன்பே ஒத்துக்கொண்டாள்.

“ஆமா, படம் நான்தான் குடுத்தேன். பெல்டிங்டன்லயிருந்து ஒரு பையன் வந்தான். நல்ல பையன். ரெண்டு துண்டு கேக் சாப்பிட்டான். நெஸ்டா வண்டி புதுசா, பழசான்னு கேட்டான்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“பழசுன்னேன். எங்க டோபி போறதுக்கு முன்னாடியே இருக்குன்னேன். படம் இருக்கான்னான். இது ஒண்ணுதான் இருந்துச்சு. டோபியோட பூவண்டி தெரியுதேன்னு எடுத்து வெச்சிருந்தேன்.”

கம்பெனி எப்படித் தப்பு வருடத்தைப் பிடித்தது என்று புரிந்தது. டோபி சாவதற்கு முன்பே வண்டி உண்டு என்றாள். படத்தில் ஈஸ்டர். இரண்டையும் கூட்டி 2022 ஈஸ்டர் என்று எழுதிவிட்டான். பூவண்டி யாருடையது என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை.

“ஏன் சொன்னீங்க, ஐரிஸ்?” மார்னியின் குரலில் கடுமை இல்லை.

“ஏனா? அவளுக்கு நல்லதுதானே! வண்டி எவ்வளவு பழசோ அவ்வளவுக்கு அதை முதல்ல பண்ணினது அவதான்னு ஆகும்ல? அந்தக் கம்பெனி நேத்து பண்ணியிருக்கும். நெஸ்டா எப்பவோ பண்ணிட்டா. அதைச் சொல்லாம விடுவேனா?”

நானும் மார்னியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. இந்த ஊரில் வண்டி பழசாக ஆக மரியாதை ஏறும். காப்புரிமை அலுவலகத்தில் பழசு என்பதுதான் கொலை. நல்லது செய்வதாக நினைத்து அவள் சிநேகிதியின் கழுத்தில் கத்தியை வைத்திருக்கிறாள். கேக்கோடு.

அப்போதுதான் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தேன். படகின் ஓரத்தில் நிற்கும் ஒரு பெரிய மனிதர். தொப்பையைத் தாங்கிக்கொண்டு ஒரு தோல் பெல்ட். பித்தளைக் கொக்கியில் நங்கூரம்.

என் வாய் எப்போதும் மூளைக்கு முன்னால் போகும். “இந்த பெல்ட் நெஸ்டா வண்டியில இருக்கே.”

மார்னி மெல்லக் கண்ணை மூடித் திறந்தாள்.

“இருக்கும்,” என்றாள் ஐரிஸ். “அவன் உருண்டுடாம இருக்க அதுலதான் கட்டினோம். அவன் பெல்ட்டையே கழட்டி. அப்புறம் நான் திருப்பிக் கேட்கல. அவளே வெச்சுக்கட்டும்னு விட்டுட்டேன்.”

அவள் சொல்லிக்கொண்டே போனாள்.

டோபி விழுந்தது மேட்டு உச்சியில். ஆம்புலன்ஸ் படகு துறைக்கு வந்துவிட்டது. அவ்வளவு கனமான ஆளை ஸ்ட்ரெச்சரில் அந்தச் சரிவில் இறக்க முடியவில்லை; இரண்டு தடவை வழுக்கியது. நெஸ்டா பட்டறையிலிருந்து தன் வண்டியைக் கொண்டுவந்தாள். அதுவரை அதை யாரும் பார்த்ததில்லை.

“பாதி வழியில அவன் மூச்சு நின்னுடுச்சு. அவ ரெண்டு கையையும் விட்டுட்டா. விட்டுட்டு அவன் நெஞ்சை அமுக்கினா, ரெண்டு விரல் கையை மேல வெச்சு. நான் கத்தினேன், வண்டி போயிடும்னு. போகல. அந்த இடத்துலயே நின்னுச்சு. சந்தைக்கு வந்த ஜனம் மொத்தமும் கீழயிருந்து பார்த்துட்டு இருந்துச்சு. அவன் பிழைக்கல. ஆனா விழல. என் டோபி கௌரவமா இறங்கிப் போனான்.”

2022 ஜூலை. விண்ணப்பத்துக்கு ஒரு வருடத்துக்கும் முன்னால். மன்னிப்புக் கிடையாது. எந்தச் சாவு படத்தைப் பொய்யாக்கி நெஸ்டாவைக் காப்பாற்றியதோ, அதே சாவு அவளைத் தூக்கில் போடுகிறது.

“இதை அந்தப் பையன்கிட்ட சொன்னீங்களா?” என்று கேட்டாள் மார்னி.

“கேட்கவே இல்லையே. படம் கிடைச்சதும் படகைப் பிடிக்க ஓடிட்டான்.” எங்கள் முகங்களைப் பார்த்தாள். “ஏன்? நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?”

மார்னி சுற்றி வளைக்காமல் சொன்னாள். ஐரிஸ் தட்டில் இருந்த கேக்கை வெறித்தபடி உட்கார்ந்துவிட்டாள்.

*

பட்டறைக்குப் பாதையில் ஏறும்போது நான் மார்னியை மறித்தேன்.

“அவனுக்குத் தெரியாது. பரிசோதகருக்குத் தெரியாது. நாம வந்தது படத்துக்கு. படம் செத்துடுச்சு. அவ்வளவுதான்.”

“பரிசோதகருக்கு உறுதிமொழி எழுதிக் குடுக்கணும். ‘இருபத்திமூணு ஈஸ்டருக்கு முன்னால் பொது இடத்தில் பயன்படுத்தப்படவில்லை.’ அந்த வரி இல்லாம பதில் நிக்காது. எழுதறது நான். கையெழுத்து அவளோடது.”

“எழுதுங்க. உலகத்துல பொய் சத்தியமே இல்லாத மாதிரி பேசறீங்க.”

“இருக்கு. பதினோரு வருஷம் அதைத்தான் படிச்சேன்.” அவளுக்கு மூச்சு வாங்கியது. “மறைக்கறதுக்கு ஒரு ஊரே வாயை மூடணும், நிக்கோ. ஒருத்தர் கேக் வெட்டினா போதும்.”

“அப்போ நீங்களே அவளை மாட்டிவிடப் போறீங்களா?”

“இல்ல. அவகிட்ட கேட்கப் போறேன்.”

பட்டறையில் நெஸ்டா எஞ்சின் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மார்னி முதலில் பூவண்டியைப் பற்றிச் சொன்னாள். நெஸ்டாவின் தோள் தளர்ந்தது. ஆறு வருடத்தில் முதல் தடவை மூச்சு விட்டவள் போல் இருந்தாள். அதன் பிறகு மார்னி அந்த பெல்ட்டின் மேல் கையை வைத்தாள்.

நெஸ்டா நிமிரவில்லை.

“வக்கீல் கேட்டாரு. இதை எப்ப முதல்ல பயன்படுத்தினீங்கன்னு. எனக்கு அன்னிக்கு நடந்தது ஞாபகம் வராம இல்ல. ஆனா அது… அதைப் பயன்பாடுன்னு நான் நினைக்கல. அது டோபி.”

“விண்ணப்பத்துல ‘சரக்கு’ வண்டின்னுதானே இருக்கு?” நான் குறுக்கே புகுந்தேன். எதையாவது பிடித்துத் தொங்க வேண்டியிருந்தது. “டோபி சரக்கு இல்லையே!”

“மேல சிமெண்ட் இருந்துச்சா, மனுஷன் இருந்தானாங்கறது பரிசோதகருக்கு வேண்டாம்,” என்றாள் மார்னி. “கை விட்டதும் நின்னுச்சா? ஊர் பார்த்துச்சா? ரெண்டே கேள்வி.”

நெஸ்டா துணியில் கையைத் துடைத்தாள். விரல் விரலாக, இல்லாத விரல்களின் இடத்தையும் சேர்த்து.

“நான் என்ன எழுதிக் குடுக்கணும்?”

“பொய் எழுதித் தர எனக்கு இஷ்டமில்ல. ஆனா நீ கையெழுத்து போட்டா, நான் போய் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அதோட இந்தத் தொழிலை விட்டுடுவேன். அது என் பிரச்சினை.”

இப்படி ஒரு சலுகையை மார்னி யாருக்கும் கொடுத்து நான் பார்த்ததில்லை. அவள் முகம் நன்றாக இல்லை.

வாசலில் மூச்சிரைப்பு கேட்டது. ஐரிஸ். இந்த மேட்டில் எங்கள் பின்னாலேயே வந்திருக்கிறாள்.

“நெஸ்டா, நான் சொல்றதைக் கேளு. டோபியை எங்க வண்டியிலதான் இறக்கினோம். டிரம் வண்டியில. நான் சத்தியம் பண்றேன். பேஸிலும் பண்ணுவான். இப்பதான் கத்திக் கேட்டேன், சரின்னுட்டான். ஊர்ல எல்லாரும் சொல்வாங்கடி.”

“உங்க டிரம் வண்டியில இறக்கியிருந்தா அவன் நேரா ஆத்துக்குத்தான் போயிருப்பான், ஐரிஸ்.”

“இருக்கட்டும்! போனதாவே சொல்றேன்!”

நெஸ்டா சிரித்துவிட்டாள். ஐரிஸும் சிரித்தாள், கன்னம் நனைந்தபடி. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

சிரிப்பு அடங்கியதும் நெஸ்டா சொன்னாள்: “எனக்கும் அதான் ஆசை. போட்டுடலாம்னுதான் இருக்கு. ஆறு வருஷம், ஐரிஸ்.” வண்டியின் கைப்பிடியைப் பிடித்தாள், விட்டாள். “ஆனா வண்டியைப் பயன்படுத்தலன்னு சத்தியம் பண்ணினா, அன்னிக்கு என் கை எங்க இருந்துச்சு? கைப்பிடியில இல்ல. அவன் நெஞ்சு மேல இருந்துச்சு. வண்டி நின்னதாலதான் அங்க இருந்துச்சு. அந்த நாளை வேற மாதிரி எழுதிக் கையெழுத்து போட என்னால ஆகாது.”

“டோபி ஒண்ணும் நினைக்க மாட்டான்டி.”

“அவன் நினைக்க மாட்டான். நான் நினைப்பேன்.”

மார்னி பையிலிருந்து தாளை எடுத்தாள். நெஸ்டா சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். விண்ணப்பத்தை வாபஸ் வாங்குவதற்கு நிறைய வார்த்தை தேவைப்படவில்லை. நெஸ்டா எண்ணெய்க் கறையோடு கையெழுத்துப் போட்டாள். நான் சாட்சி.

“பெல்டிங்டன் பண்ணி விக்கும், நெஸ்டா,” என்றேன். அவளுக்குத் தெரியாததைப் போல.

“விக்கட்டும். பிரேக்கை ஒழுங்கா பண்ணச் சொல்லு. எனக்கு அதுல மூணு விரல் இருக்கு.”

*

நாலு மணிப் படகு வந்துகொண்டிருந்தது. மழை நின்றிருந்தது. துறையில் எங்கள் பையை எந்த வண்டியிலும் வைக்காமல் நான் கையிலேயே பிடித்திருந்தேன்.

நெஸ்டா தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கி வந்தாள். பெல்ட்டைக் காணோம், கழற்றிவிட்டிருந்தாள். வரிசையின் கடைசியில், படத்தில் பூவண்டி நின்ற இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். ஒரு கணம் யோசித்தாள். பிறகு வண்டியைச் சுழற்றி, கைப்பிடி ஆற்றைப் பார்க்க வைத்தாள்.

காபிக் கடையில் பேஸிலின் துணி பாதி மேசையில் நின்றுவிட்டது.

யாரும் கிட்டே போகவில்லை. பால் பெட்டியோடு நின்ற ஒருவன் அந்த வண்டியைப் பார்த்தான், பார்க்காதவன் போல் தன் துருப்பிடித்த வண்டிக்குப் போனான். நெஸ்டா இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு ஆற்றைப் பார்த்து நின்றாள்.

படகிலிருந்து கேஸ் சிலிண்டர்களை இறக்கினார்கள். ஐரிஸ் வந்தாள். தன்னுடையதை உருட்டிக்கொண்டு வரிசை நெடுக நடந்தாள். தன் டிரம் வண்டியைத் தாண்டினாள். கடைசி வண்டியில் சிலிண்டரைப் படுக்க வைத்தாள்.

“திருப்பி இங்கேயே கொண்டுவந்து வைக்கணும்,” என்றாள் நெஸ்டா, திரும்பாமல்.

“தெரியும்டி.”

நாங்கள் ஏறிக்கொண்டோம். எஞ்சின் உறுமியது. மார்னி கரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அந்தத் தாளை உறையில் போட்டு ஒட்டினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாதி மேட்டில், சரிவு மிக மோசமாக இருக்கும் இடத்தில், ஐரிஸ் நின்றாள். கைப்பிடியிலிருந்து ஒரு கையை எடுத்தாள். கொஞ்ச நேரம் பொறுத்து, மற்றதையும்.

வண்டி நின்றது.